நோட்டில் ‘பூனை: சரி’ என்று எழுதிய நாட்கள்

தத்தெடுத்த நாய்கள் புது வீட்டில் பழகும்வரை அந்தக் குடும்பங்களோடு கூட இருந்து உதவுவது என் வேலை. இந்த வீட்டில் நடந்ததை எழுத அந்தக் குடும்பம் சம்மதித்தது. அடையாளம் காட்டும் விவரங்களை மட்டும் விட்டுவிட்டேன். யாருக்கும் கடி படாமல் முடிந்த நிகழ்வு இது. ஆனாலும் ஒரு இளம் பூனை மூன்று வாரம் பட்ட பாட்டை, தினமும் அதே வீட்டைக் கவனித்துக்கொண்டிருந்த நாங்கள் யாருமே பார்க்கவில்லை. எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது அதனால்தான்.

பின்னணி

அப்பா, அம்மா, 11 வயது மகள். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பூனைகள். மூத்தது 9 வயதுப் பெண் பூனை. யார் வந்தாலும் இடத்தை விட்டு நகராது. இளையது இரண்டரை வயது, கருத்தடை செய்த ஆண் பூனை. மிக்ஸி ஓடினாலே கட்டிலுக்கு அடியில் போய்விடும் சுபாவம். இரண்டும் வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவை.

புதிதாக வந்த நாய்க்கு ஏறக்குறைய 3 வயது. பெண் நாய், 19 கிலோ, கலப்பினம். தெருவில் இருந்து மீட்கப்பட்டு ஐந்து மாதம் காப்பகத்தில் இருந்தது. மனிதர்களிடம் மிகவும் அன்பான நாய். காப்பகக் குறிப்பில் ‘பூனைகளோடு பிரச்சினை இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். கூண்டில் இருந்த ஒரு பூனையின் முன்னால் நாயைக் கொண்டுபோய் நிறுத்தினார்களாம். ஒரு முறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதாம்.

அந்தக் குறிப்பு பொய் இல்லை. ஆனால் அதை வைத்து அவ்வளவு தூரம் முடிவு செய்ய முடியாது. சத்தமும் அந்நிய வாசனையும் நிறைந்த இடத்தில் பல நாய்கள் ஒடுங்கிப்போய்விடும். எதிலும் ஆர்வம் காட்டாது. கூண்டில் உட்கார்ந்திருக்கும் பூனை ஓடுவதும் இல்லை, நாய்க்குள் இருக்கும் துரத்தும் உணர்வை உசுப்புவதோ ஓட்டம்தான். வீட்டில் இரண்டு வாரம் தூங்கி, சாப்பிட்டு, தெம்பு வந்த பிறகு அதே நாய் வேறு நாயாக இருக்கலாம்.

முதல் நாள் மாலை பார்த்தது

நாயை நேராக ஹாலுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். மூத்த பூனை சோபாவின் மேல் இருந்தது. அன்று இரவு அம்மா எனக்கு ஒரு வீடியோ அனுப்பினார். கூடவே, “பாருங்க, எவ்வளவு அமைதியா உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருக்கு” என்று ஒரு குரல் செய்தி.

நான்கு நிமிட வீடியோ. முதல் பார்வைக்கு எனக்கும் அமைதியாகத்தான் தெரிந்தது. சத்தத்தை அணைத்துவிட்டு இரண்டாவது முறை பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது. வாய் இறுக மூடியிருந்தது. காதுகள் முன்னால் குவிந்திருந்தன. உடம்பின் பாரம் முன்னங்கால்களில் இருந்தது. வால் ஆடவில்லை, நுனி மட்டும் லேசாக நடுங்கியது. மகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது ஒரு காதுகூடத் திரும்பவில்லை. மூக்குக்கு நேரே பிஸ்கட்டை நீட்டினார்கள், அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடைசி மூன்று விநாடியில் பூனை எழுந்து சோம்பல் முறிக்கிறது, நாய் பாய்கிறது, லீஷைப் (நாயைப் பிடிக்கும் வாரை) பிடித்திருந்த அப்பா இரண்டு அடி இழுபட்டு வருகிறார். அதோடு வீடியோ முடிகிறது.

அந்த நான்கு நிமிடமும் நாய் வேட்டையின் தொடக்கத்தில் இருந்தது. நாயின் வேட்டை ஒரே பாய்ச்சலில் நடப்பதில்லை. இரையைக் கண்டுகொள்வது, வெறித்துப் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது என்று படிப்படியாகப் போகும். மனிதர்கள் தேர்ந்தெடுத்து வளர்த்த இனங்களில் இந்தச் சங்கிலியின் சில கண்ணிகள் தடித்தும் சில மெலிந்தும் போயிருக்கின்றன. ஆடு மேய்க்கும் பார்டர் கோலி வெறித்துப் பார்க்கும், பதுங்கும், துரத்தும். கவ்வுவதற்கு முன்பே அடங்கிவிடும். எந்தக் கலப்பில் வந்தது என்று தெரியாத நாயிடம் சங்கிலி எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாது. கோபம் வந்த நாய் உறுமும், வேட்டையாடப் போகும் நாய் உறுமாது. அதனால்தான் இந்த நிலையைப் பார்ப்பவர்கள் சமாதானம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

வெறும் ஆர்வத்தோடு பார்க்கும் நாய் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உடம்பு தளர்வாக இருக்கும், வாய் பாதி திறந்திருக்கும். பார்க்கும், பிறகு தானாகவே வேறு பக்கம் திரும்பும், தரையை முகரும், மறுபடி பார்க்கும். கூப்பிட்டால் திரும்பும். பார்வையை விலக்க முடிகிறதா என்பதுதான் முக்கியம்.

முடிவுகளும் காரணங்களும்

மறுநாள் நேரில் போனேன். நான்கு முடிவுகள் எடுத்தோம்.

முதலாவது, முழுப் பிரிவு. பின்பக்க அறையும் அதை ஒட்டிய சின்ன அறையும் பூனைகளுக்கு. ஹாலும் முன் அறையும் நாய்க்கு. நடுவில் ஒரு கதவு, கதவுக்கு அப்பால் நடைவழியில் ஒரு மீட்டர் உயரத்துக்குக் கம்பித் தடுப்பு. ஒன்றைத் திறக்கும்போது மற்றது மூடியிருக்க வேண்டும். தடுப்பு ஒன்று போதாதா என்று அப்பா கேட்டார். மனிதர்கள் களைப்பாக இருப்பார்கள், கை நிறையப் பொருள் இருக்கும், போன் அடிக்கும். ஒரு தவறு நடந்தாலும் தாங்கும் அளவுக்கு ஏற்பாடு இருக்க வேண்டும் என்றேன்.

இரண்டாவது, தண்டனை கிடையாது. யாரோ உறவினர், நாய் பூனையைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்துப்பட்டையைச் சுண்டி இழுத்தால் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தார். மின் அதிர்ச்சி தரும் பட்டை பற்றிக்கூடப் பேச்சு வந்தது. இதில் என் கருத்து உறுதியானது. பூனை தெரியும்போதெல்லாம் வலி வந்தால், நாய் பூனையையும் வலியையும் சேர்த்துத்தான் கற்றுக்கொள்ளும். வெறும் துரத்தும் ஆசையாக இருந்தது பகையாக மாறிவிடக்கூடும். நமக்குப் பயந்து அடக்கிக்கொண்டாலும், நாம் அறையில் இல்லாதபோது அந்தப் பயம் வேலை செய்யாது.

மூன்றாவது, நாயின் தேவைகளைக் கவனிப்பது. தினமும் இரண்டு முறை, அவசரப்படுத்தாமல் முகர்ந்துகொண்டே நடக்க விடுவது. கடித்து மெல்ல ஏதாவது கொடுப்பது. பகலில் யாரும் தொந்தரவு செய்யாத தூக்கம். தூக்கம் போதாத நாயால் எதையும் நிதானமாகக் கற்க முடியாது.

நான்காவது முடிவைச் சொல்லும்போது அம்மாவின் முகம் வாடிப்போனது. ஆனால் அதை முதல் நாளே பேசியது நல்லது என்று இப்போதும் நினைக்கிறேன். நாயைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தால் எதை வைத்து முடிவு செய்வது? எழுதி வைத்தோம். எட்டு வாரம் ஒழுங்காக முயன்ற பிறகும், அதிகபட்ச தூரத்திலிருந்தே பூனையிடமிருந்து நாயால் பார்வையை விலக்க முடியவில்லை என்றால், அல்லது பூனைகளில் ஒன்றின் உடல்நலம் கெட்டுக்கொண்டே போனால், பூனை இல்லாத வேறு வீடு தேட வேண்டும். நாய் மேல் பாசம் வளர்ந்த பிறகு இந்தப் பேச்சைத் தொடங்குவது மிகவும் கடினம்.

கூடவே ஒரு நோட்டும் போட்டோம். இடது பக்கம் நாய், வலது பக்கம் பூனை. தினமும் இரவு அம்மா எழுதுவார்.

முதல் 11 நாட்கள்: வாசனை மட்டும்

இந்தக் கட்டத்தில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை, நடக்கவும் கூடாது. பூனையின் கன்னங்களில் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒரு மெல்லிய துணியால் கன்னத்தை வருடி, அந்தத் துணியை நாய் சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். நாயின் படுக்கைத் துணியைப் பூனை அறையின் ஒரு மூலையில் போட்டோம். முதல் நாள் நாய் துணியை வாயில் கவ்விக்கொண்டு ஓடியது. ஐந்தாம் நாள் முகர்ந்துவிட்டுத் தட்டுக்குத் திரும்பியது.

இதே நாட்களில் இரண்டு பழக்கங்களைக் கற்றுக்கொடுத்தோம். பெயர் சொன்னால் திரும்பிப் பார்ப்பது, பாயில் போய்ப் படுத்துத் தளர்வது. இரண்டையும் பூனை இல்லாத இடத்தில் நூறு முறையாவது செய்து பழகிய பிறகுதான் பூனை இருக்கும் இடத்தில் கேட்கலாம். ‘விடு’ என்ற சொல்லை நாய் முதல் முறையாகக் கேட்பது பூனையைத் துரத்தும்போதுதான் என்றால் அது காதிலேயே ஏறாது.

12 முதல் 18-ஆம் நாள் வரை: தடுப்புக்கு அப்பால்

கதவைத் திறந்து வைத்து, கம்பித் தடுப்பின் கீழ்ப்பாதியைத் துணியால் மறைத்தோம். நடைவழியின் இந்தக் கோடியில் நாய். ஹார்னெஸ் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) போட்டு, லீஷ் தளர்வாக. தடுப்புக்கும் நாய்க்கும் நடுவே ஆறு மீட்டர்.

முறை எளியது. பூனை கண்ணில் பட்டால் உடனே கோழித் துண்டு வரும். பூனை மறைந்தால் அதுவும் நின்றுவிடும். வரிசை மாறக் கூடாது. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் சோதனையில் நாய்களுக்கு மணியோசை முதலில், சாப்பாடு பிறகு; போகப் போக மணி கேட்டாலே எச்சில் ஊறியது. இங்கே மணியின் இடத்தில் பூனை. சாப்பாட்டை முதலில் நீட்டி, அதன்பின் பூனை தெரிந்தால் பாடம் தலைகீழாகிவிடும். உணவுப் பையின் சத்தம் கேட்டாலே பூனையைத் தேட ஆரம்பிக்கும் நாய்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்று விநாடிக்கு மேல் பார்வை நிலைத்து, பெயர் சொல்லியும் திரும்பாவிட்டால், அதட்டாமல் தூரத்தைக் கூட்டுவது என்று எங்களுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். ஒரு அமர்வு மூன்று நிமிடம், அதிகம் போனால் ஐந்து. ஒரு நாளைக்கு மூன்று முறை.

மூத்த பூனை இதற்கென்றே பிறந்தது போல ஒத்துழைத்தது. தடுப்புக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து கைகால்களை நக்கிக்கொண்டிருக்கும். நான்காம் நாளே நாய் பூனையைப் பார்த்ததும் தானாக அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தது. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! அந்தத் திரும்பல்தான் நாங்கள் காத்திருந்தது. தூரம் நான்கு மீட்டராகக் குறைந்தது. நோட்டின் இடது பக்கம் தினமும் நிரம்பியது. காது எப்படி இருந்தது, எத்தனை விநாடியில் திரும்பியது, எத்தனை முறை என்றெல்லாம் எழுதியிருந்தார்.

வலது பக்கத்தில் ஒவ்வொரு நாளும் இரண்டே சொற்கள்: ‘பூனை: சரி.’

இளைய பூனை அமர்வுகளுக்கு வருவதில்லை. அலமாரிக்குப் பின்னால் இருக்கும், இல்லை கட்டிலுக்கு அடியில். “அது எப்பவுமே அப்படித்தான்” என்றார்கள். நானும் சரி என்றுவிட்டேன்.

19-ஆம் நாள்

நாய் ஐந்து நாளாக நன்றாக நடந்துகொண்டதால், வீட்டுக்குள் அதன் பின்னால் இழுபட்டுக்கொண்டிருந்த நீளக் கயிற்றைக் கழற்றிவிட்டார்கள். என்னிடம் கேட்டார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மாலையில் அப்பா துவைத்த துணிக் கூடையோடு பின் அறைக்குப் போனார். இரண்டு கையும் நிறைந்திருந்ததால் தடுப்பைக் காலால் தள்ளி மூடினார். தாழ் விழவில்லை. உள்ளே கதவும் திறந்திருந்தது. நாய் அவர் பின்னாலேயே நுழைந்தது. தண்ணீர் குடிக்கக் கீழே வந்திருந்த இளைய பூனை நாயைக் கண்டதும் ஓடியது. அதன்பின் நடந்தது பத்து விநாடி. கட்டிலைச் சுற்றி ஒரு சுற்று, திரைச்சீலை கிழிந்தது, பூனை பீரோவின் மேல் ஏறிவிட்டது, நாய் கீழே நின்று குதித்தது.

அம்மா செய்ததைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். கத்தவில்லை. கட்டிலில் இருந்த போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நாய்க்கும் பீரோவுக்கும் நடுவே நின்று பார்வையை மறைத்தார். அப்பா பின்பக்கத்திலிருந்து ஹார்னெஸைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார். இந்த நேரத்தில் கத்துவது துரத்தலுக்கு வேகம் கூட்டும். பூனையைக் கையில் தூக்குவது அதைவிட ஆபத்து, பயந்த பூனை தூக்குபவரையே கடிக்கும். பூனைக் கடி ஆழமாக இறங்கும், சீக்கிரம் சீழ் பிடிக்கும்.

பூனை உடம்பில் கீறல் இல்லை. எல்லோரும் பெருமூச்சு விட்டோம். மறுநாள் நான் போய் ஒரு மணி நேரம் நாயைத்தான் பார்த்தேன். பழகியது எவ்வளவு கலைந்திருக்கிறது, தூரம் எவ்வளவு கூட்ட வேண்டும் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். பூனை பீரோவின் மேல் இருந்தது. எட்டிப் பார்த்து, ‘ஓய்வெடுக்கிறது’ என்று நானே நோட்டில் எழுதினேன்.

21-ஆம் நாள் இரவு

இரவு பத்து மணிக்கு மேல் அம்மா போன் செய்தார். இளைய பூனை மணல் தட்டுக்கு, அதாவது பூனைகளின் கழிப்பிடத்துக்கு, போவதும் வருவதுமாக இருக்கிறது. குந்துகிறது, கத்துகிறது, இரண்டு சொட்டு மட்டும் வருகிறது. மலச்சிக்கலாக இருக்குமோ, காலையில் பார்க்கலாமா என்று கேட்டார்.

காத்திருக்க வேண்டாம், இப்போதே கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள் என்றேன். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகலானது. அது முழுவதும் அடைத்துக்கொண்டால் சிறுநீரகம் பாதிக்கப்படும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், ஓரிரு நாளிலேயே உயிர் போய்விடலாம். மணல் தட்டில் திரும்பத் திரும்ப முக்கும் ஆண் பூனையை விடியும்வரை வைத்திருக்கக் கூடாது.

அடைப்பு இல்லை. சிறுநீர்ப்பையில் அழற்சி இருந்தது, சிறுநீரில் ரத்தம் கலந்திருந்தது. கிருமித் தொற்றோ கல்லோ இல்லை. இளம் பூனைகளிலும் நடுவயதுப் பூனைகளிலும், குறிப்பாக வீட்டுக்குள்ளேயே இருப்பவற்றில், மன அழுத்தத்தால் தூண்டப்படும் சிறுநீர்ப்பை அழற்சி இது என்று மருத்துவர் விளக்கினார். வலிக்கு மருந்து, ஈரமான உணவு, நிறையத் தண்ணீர், முக்கியமாகப் பயமில்லாத இடம். அப்புறம் அவர் கேட்ட ஒரு கேள்விக்குத்தான் எங்களிடம் பதில் இல்லை: “எவ்வளவு நாளா சரியா சாப்பிடலை?”

பூனையின் எடை முந்தைய பரிசோதனையைவிட 400 கிராம் குறைந்திருந்தது. நான்கு கிலோ பூனைக்கு அது உடம்பில் பத்தில் ஒரு பங்கு.

திரும்பிப் பார்த்ததில் தெரிந்தது

பின் அறையில் ஒரு கேமரா இருந்தது. முதல் நாளிலிருந்து வந்த பதிவுகளை அம்மாவும் நானும் இரண்டு மாலைகள் உட்கார்ந்து பார்த்தோம். பார்க்கப் பார்க்க மனது கனத்துப்போனது.

மூன்றாம் நாளிலிருந்தே இளைய பூனை பகலில் கீழே இறங்குவதை நிறுத்தியிருந்தது. நாய் தூங்கிய பிறகு, இரவு இரண்டு மணி வாக்கில் வந்து நாலு வாய் சாப்பிடும். வெளியே நகம் தரையில் படும் சத்தம் கேட்டால் பாதியில் ஓடிவிடும். தட்டு காலையில் காலியாக இருந்தது உண்மை, காலி செய்தது மூத்த பூனை. மணல் தட்டு கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நாய் மூச்சு விடுவதுகூட அங்கே கேட்கும். இளையது அங்கே போகவே தயங்கி, நாளுக்கு ஒரே ஒரு முறை சிறுநீர் கழித்திருந்தது. 12-ஆம் நாளுக்குப் பிறகு அடிவயிற்றை நக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. மருத்துவர் அங்கே முடி உதிர்ந்த திட்டைக் காட்டியபோதுதான் நாங்கள் முதலில் பார்த்தோம்.

ஆக, துரத்தல் மட்டும் காரணம் இல்லை. அதற்கு முன் பதினாறு நாளாகப் பூனை தாங்கிக்கொண்டிருந்தது. துரத்தல் கடைசிப் பாரம்.

நாய்க்கு ஏதாவது பிடிக்கவில்லை என்றால் குரைக்கும், இழுக்கும், நம்மைப் பார்க்க வைக்கும். பூனை ஒளிந்துகொள்ளும். ஒளிந்த பூனை நமக்குத் தொந்தரவு தருவதில்லை, அதனால் அது நம் கணக்கில் வருவதே இல்லை. வீடியோவில் அசையாமல் நின்ற நாயைக் குடும்பம் அமைதி என்று நினைத்தது, நான் திருத்தினேன். பீரோவின் மேல் அசையாமல் கிடந்த பூனையை நான் ஓய்வு என்று எழுதினேன், என்னைத் திருத்த ஆள் இல்லை.

மறுபடி தொடங்கியது

இரண்டு வாரம் நாயும் பூனைகளும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. நாய்க்குப் பயிற்சி தொடர்ந்தது, பூனை இல்லாமல். அந்த நாட்களில் பூனைகளின் அறையை மாற்றி அமைத்தோம்.

மணல் தட்டுகள் மூன்றாயின. இரண்டு பூனைக்கு மூன்று தட்டு என்பது பழைய கணக்கு, அதை நாங்கள் அலட்சியம் செய்திருந்தோம். மூன்றும் கதவிலிருந்து தள்ளி, வெவ்வேறு இடங்களில். சாப்பாடு தனித்தனி அறையில், இளையதற்கு உயரத்தில். சுவரில் ஒன்றரை மீட்டருக்கு மேல் பலகைகள் அடித்து, பீரோவிலிருந்து கதவுக்கு மேல் வழியாக ஹால்வரை பூனை தரையைத் தொடாமலே போகும்படி பாதை போட்டார் அப்பா. ஒளிந்துகொள்ள அட்டைப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல். ஒரே வாசல் இருக்கும் பெட்டியில் பூனை மாட்டிக்கொள்ளும். தினமும் மாலை மகள் இளையதோடு மட்டும் கால் மணி நேரம் விளையாடினாள். ஒன்பதாம் நாள் அது பகலில் தானாகக் கீழே வந்து அவள் மடியில் ஏறியது.

நாய்க்கு இந்த இடைவெளியில் கூடை வடிவ வாய்க்கூடு பழக்கினோம். மூச்சிரைக்க, தண்ணீர் குடிக்க, தின்பண்டம் வாங்க இடம் இருக்கும் வகை. முதல் வாரம் கூட்டுக்குள் கோழித் துண்டு, மூக்கை விட்டு எடுத்துக்கொண்டால் போதும். பட்டையை மாட்டியது மூன்றாவது வாரத்தில். வாய்க்கூடு பல்லைத்தான் தடுக்கும். 19 கிலோ நாய் அதைப் போட்டுக்கொண்டே மோதினாலும் பூனைக்கு அடிபடும், பூனையின் பயமும் குறையப்போவதில்லை. அதனால் அது கூடுதல் காப்பு மட்டுமே.

37-ஆம் நாள் தடுப்பு அமர்வுகள் மீண்டும் தொடங்கின. முறை அதேதான், ஒன்று மட்டும் மாறியது. அமர்வைத் தொடங்குவதும் முடிப்பதும் பூனை. கதவு திறந்திருக்கும், நாய் பாயில் படுத்திருக்கும். இளையது தானாகப் பலகையில் வந்து எட்டிப் பார்த்தால் அமர்வு. அது திரும்பிப் போனால் முடிந்தது. வராத நாளில் அமர்வே இல்லை. முதல் எட்டு நாளில் மூன்று நாள்தான் வந்தது. எனக்குப் பொறுமை போகவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் வந்த மூன்று நாளும் அதன் காதுகள் நிமிர்ந்திருந்தன, வால் சாதாரணமாக இருந்தது, திரும்பிப் போனபோது ஓடாமல் நடந்து போனது. நடந்து போகும் பூனையை நாய் துரத்த நினைக்கவில்லை. பூனையின் பயம் குறைந்ததும் நாயின் வேலையும் பாதியாகக் குறைந்தது.

நோட்டின் வலது பக்கமும் இப்போது நிரம்பியது. ஒவ்வொரு பூனையும் எத்தனை கிராம் சாப்பிட்டது, எந்த மணல் தட்டில் சிறுநீர் பட்டு இறுகிய மணல் கட்டிகள் எத்தனை, பகலில் எத்தனை முறை தரையில் இறங்கியது, வாரம் ஒரு முறை எடை.

72-ஆம் நாள் முதல் முறையாக ஒரே அறை. நாய்க்கு வாய்க்கூடும் லீஷும். மூத்த பூனை மட்டும். பத்து நிமிடம், இரண்டரை மீட்டர் தூரம். பூனை கிட்ட வந்து ஒரு அடி கொடுத்துத்தான் நாயைத் திருத்தும் என்று சிலர் சொல்வார்கள், அதற்கு நான் இடம் கொடுக்கவில்லை. பூனை நகம் நாயின் கண்ணில் பட்டால் கருவிழியில் புண் வரும். அடி வாங்கிய நாய் பின்வாங்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இளைய பூனையோடு ஒரே அறை 95-ஆம் நாள்தான், அதுவும் அது பலகையின் மேல், நாய் பாயில்.

ஆறு மாதத்துக்குப் பிறகு

நாய் அந்த வீட்டிலேயே இருக்கிறது. மூத்த பூனையும் நாயும், பெரியவர்கள் யாராவது அறையில் இருக்கும்போது, வாய்க்கூடு இல்லாமல் ஒரே ஹாலில் படுத்திருக்கின்றன. இளைய பூனை பலகை வழியாக ஹாலுக்கு வரும், நாய் பாயில் இருந்தால் கீழே இறங்கி ஜன்னலுக்குப் போகும். 140-ஆம் நாள் ஒரு முறை நாயின் வாலை முகர்ந்துவிட்டு நடந்தது. நாய் அம்மாவைப் பார்த்தது, அம்மா கோழித் துண்டு கொடுத்தார். இரண்டும் நண்பர்கள் இல்லை. குடும்பம் முதலில் ஆசைப்பட்டது ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கும் காட்சிக்கு. இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இளையதன் எடை பழைய அளவுக்கு வந்துவிட்டது. சிறுநீர்த் தொல்லை இதுவரை திரும்பவில்லை. வயிற்றில் முடி வளர்ந்துவிட்டது.

வீட்டில் யாரும் இல்லாதபோதும் இரவிலும் கதவும் தடுப்பும் மூடித்தான் இருக்கின்றன. தடுப்புக்குத் தானாக விழும் தாழ் போட்டிருக்கிறார்கள். வெளியே நடக்கப் போகும்போது அந்நியப் பூனை ஓடினால் நாய் இன்னும் இழுக்கிறது. வீட்டுப் பூனையோடு பழகியது வெளியே இருக்கும் பூனைகளுக்குப் பொருந்தாது. அதனால் லீஷ் கழற்றப்படுவதில்லை.

எதை மாற்றுவேன்

நாய் வருவதற்கு ஒரு வாரம் முன்பே பூனைகளின் அறையைத் தயார் செய்யச் சொல்வேன். பலகை, கூடுதல் மணல் தட்டு, தனித் தட்டில் சாப்பாடு எல்லாமே நாய் வாசலில் கால் வைக்கும் முன். நாய் வந்த பிறகு அறையை மாற்றுவது பூனைக்கு இரண்டாவது அதிர்ச்சி.

முதல் நாளே பூனைகளின் எடையை எழுதிக்கொள்வேன். நாயை மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன், பூனைகளுக்கு அதைச் செய்ததில்லை. இரண்டு பூனை இருந்தால் நோட்டில் இரண்டு பத்தி வேண்டும். ‘பூனை’ என்று ஒரே பத்தி போட்டதால்தான் மூத்ததன் துணிச்சல் இளையதன் கணக்கிலும் ஏறிவிட்டது.

எந்தப் பூனைக்கும் 24 மணி நேரம் சாப்பாடு இறங்கவில்லை என்றால் மருத்துவரிடம் பேசச் சொல்கிறேன். சில நாள் பட்டினி கிடந்தாலே பூனையின் ஈரலில் கொழுப்பு சேர்ந்து அது ஆபத்தாகிவிடும், பருத்த பூனைகளுக்கு இன்னும் அதிகமாக. பூனை உள்ள எந்த வீட்டுக்குப் போனாலும் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீளக் கயிறு ஐந்து நல்ல நாளுக்காகக் கழற்றப்படாது. குறைந்தது மூன்று மாதம்.

கடைசியாக, வீட்டுக்குப் போனதும் நாயிடம் போகும் என் பழக்கத்தை மாற்றியிருக்கிறேன். நாய்தான் வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு வரும், மனது அங்கேதான் ஓடும். இப்போது முதல் பத்து நிமிடம் பூனைகளின் அறையில் தரையில் உட்காருகிறேன். யாரையும் கூப்பிடுவதில்லை. யார் வெளியே வருகிறார்கள், யார் வரவில்லை என்று பார்த்து எழுதிக்கொள்கிறேன். அதற்குப் பிறகுதான் நாய்.